சின்ன முதலாளி வந்தாச்சு... உங்க பணம் பத்திரமா?



மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர்ல தோல், ஷூ கம்பெனிகள்ல வேலை பார்க்குறவங்களுக்கு இது பழகின பேச்சுதான்: "அடுத்த மாசத்துல இருந்து சின்ன முதலாளிதான் எல்லாம் பார்ப்பாராம்." கேன்டீன்ல ரெண்டு நாள் பேசுவோம், அப்புறம் மறந்துடுவோம். என் கருத்து, அது முதலாளி வீட்டு விஷயம் மட்டும் இல்ல. உங்க பணத்தோட விஷயமும்தான்.

ஏன்னு கேட்டா, பி.எஃப். பணம் மாசாமாசம் இ.பி.எஃப்.ஓ.வுக்குப் போகணும். கிராஜுவிட்டி அப்படி இல்ல. கம்பெனி அதுக்குன்னு தனி நிதியோ எல்.ஐ.சி. குரூப் பாலிசியோ வைக்கலைன்னா, நீங்க விலகும்போது கம்பெனி கல்லாவிலிருந்துதான் வரணும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், சர்வீஸ் 6 வருஷம்னு வைங்க. 15/26 கணக்குப்படி உங்களுக்கு 90,000 ரூபாய் வரணும். அந்தக் கல்லாச் சாவி யார் கைக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

பெரியவர் காலத்துல தங்கச்சி கல்யாணம்னா நேரா ரூமுக்குப் போய் அட்வான்ஸ் கேட்கலாம். "தீபாவளி, ரம்ஜானுக்குப் பார்த்துச் செய்யறேன்"னு அவர் சொன்னா நடக்கும். சின்னவர் வந்ததும் எல்லாத்துக்கும் எச்.ஆர்., எல்லாத்துக்கும் மெயில். நிறைய பேர் இதுக்கு வருத்தப்படுறாங்க. நான் வருத்தப்பட மாட்டேன். வாய்வார்த்தை வாரிசுக்குப் போகாது, எழுத்துதான் போகும்.

இந்த ஊர்த் தொழிலுக்கு மாற்றம் புதுசும் இல்ல. 1970கள்ல பாதி பதப்படுத்தின தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்துச்சு. 1996ல வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. மாறினாதான் தொழில்ல நிக்க முடியும்னு ரெண்டு தடவையும் புரிஞ்சுது.

பெரிய குடும்பங்களுக்கும் இது சுலபம் இல்ல. முருகப்பா குழுமத்துல எம்.வி. முருகப்பன் 2017ல காலமானார். குடும்பத்தோட ஹோல்டிங் கம்பெனி போர்டுல இடம் கேட்டார் அவர் மகள் வள்ளி அருணாச்சலம். 2020ல பங்குதாரர்கள் ஓட்டுல அது தோத்துப்போச்சு. சமரசம் வந்தது 2023லதான். டி.வி.எஸ். மோட்டார்ல வேற மாதிரி. சுதர்சன் வேணு இணை நிர்வாக இயக்குநரா இருந்து, 2022ல நிர்வாக இயக்குநர் ஆனார். அதே வருஷம் தலைவர் நாற்காலியில உட்கார்ந்தவர் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த ரால்ஃப் ஸ்பெத்.

சரி, நீங்க என்ன செய்யணும்?

1. பி.எஃப். பாஸ்புக்கை மாசாமாசம் பாருங்க. சம்பளத்துல பிடிச்ச பணம் ஏறலைன்னா அதுதான் முதல் எச்சரிக்கை.

2. பெரியவர் வாயால சொன்ன இன்க்ரிமென்ட், போனஸ், பதவி எதுவா இருந்தாலும், அவர் நாற்காலியில இருக்கும்போதே மெயில்ல வாங்கிடுங்க.

3. ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா சேர்த்து வைங்க. அது கையில இருந்தா, புது முதலாளி எப்படின்னு பயமில்லாம பார்க்கலாம்.

விசுவாசம் நல்ல குணம்தான். ஆனா பேங்க் அக்கவுன்ட்ல அதுக்கு வட்டி வராது. முதல் வேலையா, இன்னைக்கே பாஸ்புக்கைத் திறந்து பாருங்க.