பெட்டி பிறந்த வீட்டில், பாட்டு புகுந்த வீட்டில்

கல்யாணமாகிப் புகுந்த வீடு போகிற பெண்ணுக்குச் சீர்வரிசைப் பட்டியல் எழுதும்போது பித்தளை அண்டாவை மறப்பதில்லை, குத்துவிளக்கை மறப்பதில்லை, கரண்டிகளைக்கூட எண்ணி எழுதுகிறோம். ஆனால் இந்தப் பட்டியலில் யாருமே எழுதாத சாமான் ஒன்று உண்டு. அதற்காக ஒரு அக்காவும் தம்பியும் மூன்று மாத காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அந்தச் சமாசாரத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போயிருந்தேன். ஆடி ஞாயிறென்றால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் திரும்பியது முதல் வண்டி நகர்ந்ததாகச் சொல்ல முடியாது; ஊர்ந்தது. ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வேப்பிலை. வேப்பஞ்சேலை கட்டிப் பிரார்த்தனை செலுத்தும் பெண்கள், மொட்டைத் தலையோடு அழுகிற குழந்தைகள், பொங்கல் பானைப் புகை. இவற்றையெல்லாம் கடந்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

“வா நைனா. நீயாவது வந்தியே!” என்றாள் பெரியம்மா. அந்த ‘நீயாவது’ என்ற வார்த்தையிலேயே விஷயம் இருந்தது.

விஷயம் இதுதான். காலஞ்சென்ற பெரியப்பாவுக்கு டேப் ரிகார்டர் என்றால் உயிர். விசேஷம் என்றால் பதிவு, விருந்தாளி வந்தால் பதிவு. அப்படி 1991-ல் ஒரு நாள் எங்கள் ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்துத் தாலாட்டும் அம்மன் பாட்டும் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். ஆயா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. அந்தக் கேஸட், 1998-ல் நடந்த அக்கா கல்யாணத்தின் வீடியோ கேஸட், இன்னும் நாற்பது உருப்படிகள், எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் பெரியபாளையத்து வீட்டிலேயே இருக்கின்றன. பெட்டிக்குக் காவல் அண்ணன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது கும்மிடிப்பூண்டியில். மாமாவுக்கு சிப்காட்டில் வேலை. அடுத்த தாலுகாதான், ஆனாலும் ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் ஒரு நாள் கிளம்பி வருவது லேசான காரியமா? அக்காவின் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றாள். “குழந்தைக்கு ஆயா பாட்டைப் போட்டுக் காட்டணும், அந்தக் கேஸட்டைக் கொடு” என்று அக்கா கேட்டாள். “அது இந்த வீட்டை விட்டு வெளியே போகாது” என்றான் அண்ணன். முன்பு ஒரு உறவினர் வாங்கிப்போன கேஸட் நாடா சிக்கிக் கந்தலாகித் திரும்பி வந்த கதையை அவன் மறக்கவில்லை. அக்காவோ, “அவ எனக்கு ஆயா இல்லையா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அப்புறம் மூன்று மாதம் மௌனம்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இம்மாதிரிச் சண்டைகளில் சங்கடம்.

வழி கண்டுபிடித்தவன் அண்ணனின் மகன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். டேப் ரிகார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரால் இணைத்துக் கேஸட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டான். இதில் அவசரம் உதவாது. அறுபது நிமிஷக் கேஸட்டுக்கு அறுபது நிமிஷம் ஆகத்தான் ஆகும். வீடியோ கேஸட்டுக்கு ஓடுகிற டெக் ஒன்று தேடிப் பிடிப்பதற்குள் பாதி மாதம் போய்விட்டது. உலகத்திலேயே கடைசியாக அந்த யந்திரத்தைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே பரணில் கல்யாண வீடியோ வைத்திருக்கும் வாசகிகள் நாளை நாளை என்று ஒத்திப்போட வேண்டாம்.

பிறகு பையன் பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டான். 2018 டிசம்பரில் தனியாகப் பிரிந்து கிளம்பிய இலவச மென்பொருள் இது. பாட்டு, படம், புகைப்படம் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கியதுபோல் வரிசைப்படுத்தி, வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காட்டும். இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் என்பது பிரபலமானது. ஆனால் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் 29 முதல் அதில் கட்டணம் வைத்துவிட்டார்கள். லேப்டாப் இரவு பகலாக ஓடினால் மின்சாரம் என்ன ஆகும் என்று பெரியம்மா கவலைப்பட்டாள். பதினைந்து வாட் இழுக்கும் யந்திரம் மாதம் முழுக்க ஓடினாலும் பதினோரு யூனிட்டுக்குள்தான் என்று பையன் கணக்குப் போட்டுக் காட்டினான்.

பெரியபாளையத்து வீட்டுக்குள் ஆயா பாடினாள். ஆனால் கும்மிடிப்பூண்டியில் பாடவில்லை. ஏன்?

அந்தக் காலத்து ஸ்டோர் வீடு ஞாபகமிருக்கிறதா? பத்துக் குடித்தனம், ஒரே வாசல், ஒரே கதவிலக்கம். உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் போடலாம், பதிலும் வரும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கதவிலக்கத்தை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால், தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? இணையத்திலும் இதே நிலைதான். பழைய முறையில் மொத்தம் இருக்கும் விலாசங்கள் சுமார் 429 கோடி. உலகம் முழுவதுக்குமான பொதுக் கையிருப்பில் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ல் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. புதிய முறையில் விலாசங்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், பழையதை விடவும் முடியவில்லை. அதனால் இணைப்புத் தரும் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது விலாசத்தைக் கொடுக்கின்றன. உங்கள் வீடும் ஸ்டோரில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான அடையாளம்: ரவுட்டரின் பக்கத்தில், வெளி விலாசம் என்று காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், இருக்கிறது என்று அர்த்தம்.

“தனி விலாசம் ஒன்றை விலைக்கு வாங்கி, ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் முடிந்தது” என்று யாரோ அண்ணனுக்கு யோசனை சொன்னார்கள். வாஸ்தவம்தான். ஆனால் திறந்த வாசல் வழியே அக்கா மட்டுமா வருவாள்? திறந்திருக்கும் வாசல்களைத் தேடி உலகெங்கும் யந்திரங்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2022-ல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பிறருடைய கடவுச்சொற்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் திருட்டு நடந்தது. திருடர்கள் நுழைந்த வழி, அதன் பொறியாளர் ஒருவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த பழைய பிளெக்ஸ் மென்பொருளின் ஓட்டை! அந்த ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு 2020-லேயே வந்துவிட்டது; அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டுப் பெட்டிதானே என்று அலட்சியம் செய்ததற்கு ஒரு பெரிய கம்பெனியே விலை கொடுத்தது.

எனவே பையன் வேறு வழி போனான். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை இரண்டு வீட்டிலும் போட்டான். வீட்டு உபயோகத்துக்கு இதில் இலவசத் திட்டம் உண்டு. இதன் தந்திரம் இதுதான்: இரண்டு வீட்டு யந்திரங்களும் தாங்களே முதலில் வெளியே வந்து, பொது இடத்தில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு கை கோத்துக்கொள்கின்றன. உள்ளிருந்து போகிறவரை ஸ்டோர் வாசல் தடுப்பதில்லை அல்லவா? அப்புறம் நடப்பதெல்லாம் இருவருக்குள் பூட்டிய பேச்சு. நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் ஒருவர் கை மாற்றிக் கொடுப்பார். ஆனால் உறையைப் பிரித்துப் படிக்க அவரால் முடியாது. வாசல் திறக்கவில்லை, சாவி மட்டும் இரண்டு வீட்டில் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். நாம் இணைப்பு வாங்கும்போது வீட்டுக்குள் வருகிற வேகத்தைத்தான் விசாரிக்கிறோம். இங்கே பெரியபாளையத்து வீடு வானொலி நிலையம் மாதிரி. அங்கிருந்து வெளியே போகிற வேகம்தான் கணக்கு. நல்ல வேளையாக ஆயாவின் பாட்டுக்கு ஒரு மெகாபிட்டில் எட்டில் ஒரு பங்கு தாராளம். பழைய கல்யாண வீடியோவுக்கு இரண்டு மெகாபிட் போதும்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் கைப்பேசி அடித்தது. அக்கா! மூன்று மாதத்துக்குப் பிறகு! ஒலிபெருக்கியில் போட்டாள் பெரியம்மா.

“அம்மா, ஆயா பாடுறாங்கம்மா. குழந்தை கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்குது. நடுவிலே ஒரு குரல், ‘அடியே, பால் பொங்குது, அடுப்பைப் பாரு’ன்னு கத்துது. யாரு தெரியுமா? நீதான்!”

பெரியம்மா சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட தன் குரல் தனக்கே திரும்பி வருவதென்றால் சாதாரணமா? அண்ணன் ஒன்றும் பேசாமல் போனை வாங்கி, “குழந்தை தூங்கிச்சாக்கா?” என்றான். சண்டை அவ்வளவுதான்.

இதோடு முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் பத்து நாள் கழித்து ஓர் இரவு பாட்டு நின்றுபோயிற்று. “அவன் வேண்டுமென்றே அணைத்துவிட்டான்” என்று அக்கா என்னிடம் பொருமினாள். விசாரித்தால், லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது! பையன் மறுபடி எல்லாவற்றையும் கேஸட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கேஸட்டுகள் பத்திரமாக இருந்ததால் பிழைத்தோம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தூரத்திலிருந்து பார்க்க முடிவது வேறு. நம்மிடம் இருப்பது வேறு. ஒரே வீட்டில் எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் ஆல்பங்கள் சேற்றோடு போயின! பெரியபாளையத்து வீடும் ஆற்றங்கரை ஊரில்தான் இருக்கிறது.

“முழுப் பிரதி ஒன்றை அக்காவுக்கே கொடுத்துவிடேன்” என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் தயங்கினான். அவனுக்கு ரோஜா முத்தையா கதையைச் சொன்னேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் தம் வீட்டிலேயே புத்தகமும் பத்திரிகையும் அழைப்பிதழும் சேர்த்தவர் அவர். 1992-ல் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; ஆனால் மூலங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. அவை சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நின்றன. கடல் கடந்து போனவை மைக்ரோபிலிம் பிரதிகள். மூலம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், பிரதி பிரயாணம் செய்யட்டும். இரண்டு இடமும் லாபம் அடைந்தன.

அண்ணன் தலையாட்டினான். ஆனால் இம்முறை தடுத்தது, யாரும் எதிர்பாராத விதமாக, பெரியம்மா!

“பாட்டு அங்கேயே போயிட்டா, அவ இங்கே எதுக்கு வருவா?” என்றாள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். பெட்டியை இத்தனை நாள் காவல் காத்தது அண்ணனல்ல, இந்தப் பயம்தான் என்று அப்போது புரிந்தது. யந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிலை அக்காவே கொண்டுவந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு, கையில் ஒரு புது ஹார்டு டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தாள். பிரதி எடுக்க ஒரு மணி நேரம் போதுமாம். அக்கா மூன்று நாள் தங்கினாள். அந்த மூன்று நாளும் அம்மாவும் பெண்ணும் ஒவ்வொரு பாட்டையும் போட்டுக் கேட்டு, பாடியது யார், பின்னால் இருமியது யார், எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். அந்த விவரம் எந்த ஹார்டு டிஸ்க்கிலும் கிடையாது. அது பெரியம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

வாசகிகளே, இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாவியை வீட்டுப் பேருக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். சினிமாப் படங்களை நிரப்பித் தெரு முழுவதற்கும் திறந்துவிட்டால், அது 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தோடு விளையாடுவதாகும். இரண்டாவது, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் ஒத்திப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பரணிலிருந்து பெட்டியை இறக்குங்கள். அந்தக் குரல்கள் யாருடையவை என்று சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறாரா? அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுங்கள்.

அக்கா கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரை வந்தாள். “பாட்டு எடுத்துக்கிட்டியா?” என்றாள். “எடுத்துக்கிட்டேன்” என்றாள் அக்கா.

“அப்போ அடுத்த தரம் வெறுங்கையோடவே வா” என்றாள் பெரியம்மா.