பேசாத சிம்முக்கும் ஓர் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

காரைக்குடி வட்டாரத்தில் வீடுகளுக்குத் திருட்டு அலாரமும் கேமராவும் மாட்டிக்கொடுக்கும் தொழில் செய்பவன் நான். உங்கள் ஆணையத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை சிக்னல் கிடைக்கவில்லை, விளம்பர அழைப்புத் தொல்லை தாங்கவில்லை என்ற ரகமாகத்தான் இருக்கும். என் மனு அந்த ரகத்தில் சேராது. வருஷம் பூராவும் யாரையும் கூப்பிடாமல் ஒரு பெட்டிக்குள் கிடக்கிற சிம் கார்டுக்காக எழுதுகிறேன். என்றைக்கோ ஒரு ராத்திரி அது ஓர் அழைப்பு போட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இன்றைக்கு இருக்கும் ரீசார்ஜ் ஏற்பாட்டில் அந்த ராத்திரி வரை அதை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாடாக இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கோயில் திருவிழா என்றால் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். உள்ளே தேக்கில் இழைத்த நிலைக்கதவு, வெள்ளிச் சாமான், தஞ்சாவூர்ப் படம், பித்தளைப் பாத்திரம் என்று திருடனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும்.

இந்த வீடுகளில் நான் மாட்டுவது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வாசல் கதவுகளில் காந்த சென்சார், வளவைப் பார்த்தபடி ஒரு மோஷன் சென்சார், முகப்பில் ஹூட்டர். இவற்றுக்கெல்லாம் தலையாக ஒரு பேனல். பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்றும் ஒரு சிம்மும் இருக்கும். கதவு அசைந்தால் ஹூட்டர் அலறும், பேனல் தன்னிடம் பதிந்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும், எஸ்எம்எஸ் போடும். ஹூட்டர் சத்தத்தைக் கேட்டு ஓடிவர அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டுமே? பக்கத்து வீடும் எதிர் வீடும்கூடப் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆக, மெட்ராஸில் தூங்குகிறவரை எழுப்பும் அந்த ஃபோன் அழைப்புதான் மொத்த அலாரமும்.

இண்டர்நெட்டில் இணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஊருக்குக் கிளம்புகிற எங்கள் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கேஸை மூடுவார்கள், மோட்டாரைப் பார்ப்பார்கள், கடைசியாக வாசலைப் பூட்டும்முன் மெயினை இறக்குவார்கள். பழைய ஒயரிங், எலி கடித்துத் தீப்பிடித்துவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். மெயின் இறங்கினால் வைஃபை மோடமும் போயிற்று. பேனலுக்கு மட்டும் மீட்டரை ஒட்டித் தனி எம்சிபி போட்டு லைன் இழுத்துக் கொடுப்பேன். மோடத்துக்கும் போடலாம், ஆனால் ஆளே இல்லாத வீட்டுக்கு மாதாமாதம் பிராட்பேண்ட் வாடகை கட்ட எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அப்படியே கட்டினாலும் ஃபைபர் ஒயர் கம்பத்திலிருந்து தாழ்வாரத்து ஓடு வழியாகக் கையெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டு உள்ளே போகிறது. பழைய லேண்ட்லைன் காலத்தில் இந்தப் பாடு இல்லை. செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் ஃபோன் பேசும், அதில் கோத்த ஆட்டோ டயலரும் பேசும். செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தபிறகு வீட்டு மின்சாரம் போனால் ஃபோனும் போகிறது. அதனால்தான் பூட்டிய வீட்டுக்கு சிம்மே கதி.

அந்த சிம் எப்படிச் சாகிறது என்று பக்கத்தில் வந்து பாருங்கள். திருவிழாவுக்கு வீடு திறக்கும்போது பேனலைச் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி சரி, சிக்னல் சரி, நெட்வொர்க்கில் பதிவாகியும் இருக்கும். கதவைத் திறந்து சோதித்தால் ஹூட்டர் கத்தும், கையில் இருக்கும் ஃபோன் மட்டும் அடிக்காது. சிம்மைக் கழற்றி என் கைபேசியில் போட்டுப் பார்த்தால் எஸ்எம்எஸ் வரிசையாக நிற்கும். உங்கள் திட்டம் மூன்று நாளில் முடிகிறது. நாளை முடிகிறது. இன்று முடிகிறது. வெளி அழைப்பு நிறுத்தப்பட்டது. நடுநடுவே காலர் ட்யூனுக்கு ஆசைகாட்டும் செய்திகள் வேறு. நிறுவனம் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எல்லா எச்சரிக்கையையும் சுவரில் மாட்டிய ஒரு பெட்டிக்கு அனுப்பியிருக்கிறது. பெட்டிக்குப் படிக்கத் தெரியாது.

இதில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் இன்னொன்று. ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்பது இங்கே அரிது. பங்காளிகள் என்று பலர் இருப்பார்கள். கரண்ட் பில் யார் கட்டுவது என்பதற்கு ஒரு முறை இருக்கும், வெள்ளையடிப்பதற்கு ஒரு முறை இருக்கும். பேனல் சிம்முக்கு ரீசார்ஜ் போடுவது யார் என்பதற்கு முறை இன்னும் ஏற்படவில்லை. பெரியவர் போட்டிருப்பார் என்று தம்பி நினைக்க, அமெரிக்காவில் இருப்பவன் ஆன்லைனில் போட்டிருப்பான் என்று பெரியவர் நினைக்க, சிம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜாமர் வைத்துத் திருடுகிறார்களாமே என்று சிலர் என்னிடம் கவலையோடு கேட்பதுண்டு. ஜாமரைத் தனியார் வைத்திருப்பதே சட்டவிரோதம், அது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் பக்கத்துத் திருடனுக்கு ஜாமர் எதற்கு? ரீசார்ஜ் முடிந்திருந்தால் போதாதா?

உங்கள் ஆணையம் இதை அறவே நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் ஒரு பிரீபெய்ட் எண்ணை முடக்கலாம், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்றது அது. அந்தக் காலத்தில் என் வேலை சுலபம். கொஞ்சம் காசைப் போட்டுவைத்து, மாதம் ஒரு 'சிஸ்டம் ஓகே' எஸ்எம்எஸ் அனுப்பும்படி பேனலைச் செட் செய்துவிடுவேன். பயன்பாடு என்று கணக்காகிவிடும், எண் பிழைத்துக் கிடக்கும். 2018 கடைசியில் 28 நாளுக்கு 35 ரூபாய் என்று குறைந்தபட்ச ரீசார்ஜை நிறுவனங்கள் கொண்டுவந்தபோது அந்த வழி அடைபட்டது. கணக்கில் காசு இருந்தாலும் வேலிடிட்டி இல்லையென்றால் அழைப்பு போகாது. எண்ணை முடக்கத்தான் 90 நாள். அழைப்பை நிறுத்த ஒரு நாள் போதும். அந்த 35 ரூபாய் இன்று எங்கே போய் நிற்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 டிசம்பரில் மறுபடி ஒரு திருத்தம். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் ஒரு திட்டமாவது வைக்க வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றீர்கள். அதற்கு மனமார நன்றி. வருஷத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதன்பின் வந்த ஓராண்டுத் திட்டங்களின் விலை 1,800 ரூபாயைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு வருஷம் முழுக்க அளவில்லாமல் பேசிக்கொள்ளலாமாம். என் பேனல் யாரோடு பேசும்? மாதம் ஓர் எஸ்எம்எஸ், திருடன் வந்தால் ஐந்தாறு நிமிஷ அழைப்பு, அதற்குமேல் அதற்குப் பேச ஒன்றும் இல்லை.

செத்த சிம்மோடு தொல்லை முடிவதும் இல்லை. முடக்கிய எண் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போகிறது. வீட்டுக்காரர் தன் ஃபோனில் 'ஊர் வீடு' என்று பதிந்துவைத்திருக்கும் எண் அது. நடுராத்திரியில் யாரோ தெரியாமல் அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் இவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். அதைவிட மோசம், அலாரத்தை அணைக்கப் பேனலுக்கு இவர் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் கடவுச்சொல்லும் இருக்கும். அது முன்பின் தெரியாத ஒருவர் கைபேசியில் போய் இறங்கும்.

இயந்திரங்களுக்கென்று தனி சிம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இயந்திரத்தோடு இயந்திரம் பேசும் எம்-டு-எம் சேவைகளைப் பற்றி 2017இல் உங்கள் ஆணையமே பரிந்துரை கொடுத்தது. 2018 ஜூலையிலிருந்து அப்படிப்பட்ட புது இணைப்புகளுக்கு 13 இலக்க எண் வந்தது. கடைக்காரரின் ஸ்வைப் மெஷினில், லாரி ஜிபிஎஸ்ஸில், ஸ்மார்ட் மீட்டரில் எல்லாம் இன்று அந்த சிம்தான். முன்பே பதிந்த ஓரிரு எண்களைத் தவிர வேறு யாரையும் கூப்பிட முடியாதபடி அதைக் கட்டிப்போடவும் ஏற்பாடு இருக்கிறது. அலாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிம் கிடையாது. ஆனால் அது நிறுவனங்களின் பெயரில், மொத்தக் கணக்கில் போகிற சரக்கு. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கைபேசிக் கடையில் நுழைந்து, ஒரே ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு எம்-டு-எம் சிம் கொடுங்கள் என்று கேட்டால் கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

மலிவான சிம் கொடுத்தால் மோசடிக்காரர்கள் வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சம் உங்கள் அதிகாரிகளுக்கு இருக்கும். சைபர் குற்றங்களைப் பார்க்கும்போது அது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று எண்களை மட்டுமே கூப்பிட முடிகிற சிம்மை வைத்துக்கொண்டு மோசடிக்காரன் என்ன செய்வான்? ஆதார் கொடுத்து, வீட்டு முகவரி கொடுத்து, கூப்பிட வேண்டிய எண்களையும் எழுதிக்கொடுத்து வாங்கும் சிம்மில் அவனுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

இன்னொரு கவலை 2ஜி. மலிவு விலைப் பேனல்களில் இருப்பது 2ஜி மாட்யூல். ஏர்டெல் 2020இலேயே 3ஜியை மூடிவிட்டது. ஜியோவிடம் 2ஜி தொடக்கத்திலிருந்தே இல்லை. 2ஜி, 3ஜியை அடியோடு மூட அரசு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2024 தொடக்கத்தில் உங்கள் கலந்தாய்வுக்கே அந்த நிறுவனம் எழுதிக்கொடுத்தது. ஒருநாள் 2ஜி மூடத்தான் போகிறது, மூட வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 4ஜி பேனலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றால், பெட்டியில் 4ஜி என்று போட்டிருப்பதை நம்ப முடியவில்லை. டேட்டாவுக்கு 4ஜி பிடிக்கும், குரலையும் 4ஜியிலேயே கொண்டுபோகும் வோல்ட்டி வசதி உள்ளே இல்லாததால் குரல் அழைப்புக்கு 2ஜிக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட பேனலில் 2ஜியே இல்லாத சிம்மைப் போட்டால் சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், அழைப்பு மட்டும் போகாது.

ஆஸ்திரேலியாவில் இதேதான் நடந்தது. 3ஜியை 2024 ஆகஸ்ட் கடைசியில் மூடுவதாக இருந்த டெல்ஸ்ட்ரா, அக்டோபர் 28க்குத் தள்ளிப்போட்டது. 4ஜி என்று விற்ற கைபேசிகள் பல, அவசர எண் 000ஐ அழைக்கும்போது மட்டும் ரகசியமாக 3ஜிக்கு இறங்குவது தெரியவந்ததுதான் பெரிய தலைவலி. அமெரிக்காவில் அலாரம் தொழில்துறையினர், கொரோனா காலத்தில் வீடுகளுக்குள் போய்ப் பேனலை மாற்ற முடியவில்லை, அவகாசம் கொடுங்கள் என்று 2021இலேயே ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப்போட்டார்கள். ஏடி அண்ட் டி சொன்னபடி 2022 பிப்ரவரி 22இல் 3ஜியை மூடத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் வேறு பாடம் படித்தது. செம்புக் கம்பித் தொலைபேசியை நிறுத்தும் வேலையில் முதியோர் வீடுகளின் உதவி அலாரங்கள் செயலிழந்ததால், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். 2025 இறுதி என்றிருந்த கெடு இப்போது 2027 ஜனவரி. மூன்று நாட்டிலும் பழைய நெட்வொர்க்கை நம்பிக் கிடக்கும் கருவிகள் இருப்பது கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

நம் ஊரில் அப்படி நினைவுபடுத்த ஒரு சங்கமோ சபையோ என் கண்ணில் படவில்லை. ஆங்காங்கே என்னைப் போல ஏணியும் டிரில்லிங் மெஷினுமாக அலைகிற ஆட்கள்தான். அதனால் நேராக உங்களிடமே கேட்கிறேன். ஒரு தனிமனிதர் தன் வீட்டு அலாரத்துக்கு ஒரு எம்-டு-எம் சிம் கடையில் வாங்க வழி வேண்டும். அதற்கு ஓராண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் இருக்கட்டும், அழைப்பு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளட்டும். இது உடனே ஆகாது, தொலைத்தொடர்புத் துறையையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் காத்திருக்கிறோம். ஆனால் இன்னொன்று உங்கள் கையெழுத்தில் முடியும் காரியம். எந்த பிரீபெய்ட் சிம்முக்கும் வேலிடிட்டி முடியும் எச்சரிக்கையை, வாடிக்கையாளர் பதிந்து கொடுக்கும் இன்னொரு எண்ணுக்கும் அனுப்ப வேண்டும் என்று ஓர் ஆணை. சிம் வாங்கும் படிவத்தில் மாற்று எண் என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணுக்கு மூன்று எஸ்எம்எஸ் போடுவதால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது. வீட்டு அலாரத்துக்கு மட்டுமல்ல, வயலில் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு சிம் போட்டிருக்கும் விவசாயிக்கும், லிஃப்டுக்குள் அவசர ஃபோன் வைத்திருக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கும் இது உதவும்.

2ஜி விஷயத்தில், மூடும் தேதியைக் குறைந்தது இரண்டு வருஷம் முன்னால் அறிவிக்கச் செய்யுங்கள். சிம் போடும் எந்தப் பெட்டியின் மேலும், இது குரல் அழைப்புக்கு எந்த நெட்வொர்க்கைப் பிடிக்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும் என உரியவர்களுக்குப் பரிந்துரை செய்யுங்கள். இப்போது அதைக் கண்டுபிடிக்க நான் பெட்டியைப் பிரித்து, பலகையில் ஒட்டியிருக்கும் மாட்யூலின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆணையம் எதைச் செய்தாலும் முதலில் கலந்தாய்வுத் தாள் போட்டு, கேள்விகளை வரிசையாக எண்ணிட்டு, கருத்துக் கேட்கும் வழக்கம் உடையது. பிரீபெய்ட் கட்டணத்தைப் பற்றியோ எம்-டு-எம் பற்றியோ அடுத்து வெளியிடும் தாளில், வீட்டு அலாரத்தில் இருக்கும் சிம்மை எப்படி நடத்துவது என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்வீர்கள் என்றால் முதல் பதில் என்னுடையதாக இருக்கும். பொருத்திய பேனல்களின் மாடல், உள்ளே இருக்கும் மாட்யூல், எந்த சிம் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தது என்ற விவரங்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அதையும் இணைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அலாரம் மெக்கானிக் ஒருவன்,
காரைக்குடி