மலடி என்னும் வசை ஒழிக!

மணமாகி ஈராண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்ணை மலையகத்து லயன்களில் இன்றும் பலர் மலடி என்கின்றனர். நல்ல காரியங்களில் முன்னிற்க விடார். அவள் மனமுடைந்து ஊணும் உறக்கமும் இழந்தால், பேய் பிடித்ததென்று உடுக்கடிப்பர். நோய்க்கு வசை, வசை தந்த வேதனைக்கு வேப்பிலை! இதுவா நீதி?

அவளை வாட்டுவது சூலக நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். 1935இல் ஸ்டெயின், லெவந்தால் என்னும் மருத்துவர் இருவர் விவரித்த நோய் அது. சுரப்புகள் நிலைகுலைவதால் மாதவிலக்குத் தடுமாறும், முகத்தில் உரோமம் அரும்பும், கருத்தரிப்புத் தாமதமாகும், நீரிழிவும் தொடரக்கூடும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை அதனை அறியாதவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கம்பகா மாவட்டத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினரிடம் இதனைக் கண்டது.

மனத்துயரும் இந்நோயோடு பிணைந்ததே. நோயுற்ற ஒவ்வொரு பெண்ணிடமும் மனச்சோர்வும் பதகளிப்பும் உண்டா என ஆராயுமாறு 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி பணிக்கிறது.

இங்கு நடப்பதென்ன? 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக், முதன்மையாக 35 வயதை எட்டியோரையே நோக்குகிறது. இருபது வயதுப் பெண் அதுவரை காத்திருப்பதா? 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். ஆனால் கட்டில் மட்டும் போதுமா? நாட்சம்பளத்தை இழந்து மருத்துவரை நாடுபவள், தன் அந்தரங்கத்தை மூன்றாமவர் வாயால் மொழிபெயர்த்து உரைக்க நேர்வது கொடுமையன்றோ?

சம்பளமும் வீடும் கேட்கும் வேளையில் இதுவொரு பிரச்சினையா என்பர் சிலர். கொழுந்தெடுக்கும் கை வேண்டும். அக்கைக்குரியவளின் உடலும் உள்ளமும் வேண்டாவோ?

நாம் கோருவது இதுவே: லயன் தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், கர்ப்பிணியரிடம் மட்டுமன்றிக் கன்னியரிடமும் மாதவிலக்கைப் பற்றி வினவட்டும், மனத்தையும் வினவட்டும். தமிழறிந்த மருத்துவர் வரட்டும். சிகிச்சை நாளைத் தோட்டக் கம்பனிகள் சம்பள நாளாகக் கொள்ளட்டும். தொழிற்சங்கங்கள் இவற்றையும் பேச்சு மேசையில் வைக்கட்டும்.

மனைவியை ஏசும் கணவனுக்கும் ஒரு சொல். விளைவு பொய்த்தால் உழவன் மண்ணையும் பார்ப்பான், வித்தையும் பார்ப்பான். குறை ஆணிடமும் இருக்கலாம். முதலில் நீயும் பரிசோதனைக்குப் போ!