எந்தத் தளம் என்பது இரண்டாவது கேள்வி

ஒன்லைன் கற்கைநெறி தயாரிக்கப் போகிறோம் என்றதும் எமது ஆசிரியர் அறைகளில் எழும் முதல் கேள்வி, "எந்தத் தளம் சேர்?" என்பதுதான். கூகுள் கிளாஸ்ரூமா, மூடிலா, வட்ஸ்அப் குழுவே போதுமா?

வீட்டில் ஒரேயொரு போன். அதுவும் வாப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அந்தப் பிள்ளை இந்தப் பாடத்தை எப்படிப் படிக்கும்? நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நேரலை வகுப்பு குறித்த நேரத்தில் போனையும் கேட்கிறது, சிக்னலையும் கேட்கிறது. பதிவுசெய்த பாடம் காத்திருக்கும். அதிலும் ஒரு கணக்குப் பாருங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் 10 நிமிட வீடியோ சுமார் 75 மெகாபைட். அதே விளக்கம் 32 கிலோபிட் குரல்பதிவாக வெறும் 2.4 மெகாபைட். கேத்திரகணிதத்தை வரைந்து காட்ட வீடியோ வேண்டும். தமிழ் இலக்கணத்துக்கு ஒரு குரல்பதிவும் ஒரு பக்கக் குறிப்பும் போதாதா?

அடுத்தது, நமது உழைப்பு எதில் சேமிக்கப்படுகிறது என்பது. உலகெங்கும் ஃபிளாஷில் செய்த பாடங்கள் ஏராளம். 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது; பிரவுசர்களில் அவை இயங்காமல் போயின. நம்மிடமும் பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. இணையத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றாமல் எந்தத் தளத்தில் ஏற்றியும் பயனில்லை.

இவை சரியானால் தளம் தெரிவது இலகு. 2002 முதல் கிடைக்கும் மூடில் இலவசமான, திறந்த மூல மென்பொருள். வைஃபை உள்ள இடத்தில் அதன் செயலியில் பாடத்தை இறக்கி, வீட்டில் டேட்டா இல்லாமலே படிக்கலாம். முழுக் கற்கைநெறியையும் ஒரே கோப்பாக எடுத்து வேறொரு மூடிலுக்கு மாற்றலாம். ஆனால் சேர்வர் வாடகை, அப்டேட், பேக்கப் என்று பொறுப்பாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாத பாடசாலைக்குக் கிளாஸ்ரூமே மேல். மூலக் கோப்புகளின் பிரதி மட்டும் நமது கையிலும் இருக்கட்டும்.

இந்தத் தவணையில் ஒவ்வொருவரும் ஓர் அலகை மட்டும் இப்படித் தயாரிப்போமா? விலை குறைந்த ஒரு போனில் நாமே திறந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பாடசாலையில் எது சரிவந்தது? கீழே எழுதுங்கள்.