வாசனை வேறு, சுத்தம் வேறு

எங்கள் குடியிருப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறார்கள். அதாவது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார்கள். அரை நாள் குழாயில் நெடி அடிக்கும். பதிவேட்டில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று கையெழுத்து விழும். ஆயுளில் பாதியை அரசாங்கக் குமாஸ்தாவாகக் கழித்தவன் நான். பதிவேட்டில் இருப்பது வேறு, பரணில் இருப்பது வேறு என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் என் மனைவிக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் டாக்டர், "தொட்டியை ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்றார். எழுபத்துநாலு வயதில் ஏணி ஏறக் கூடாது என்று மகன் போனில் கத்தினான். ஏறினேன். உள்சுவரில் விரல் வைத்தால் விளக்கெண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. பவுடர் போட்டுப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வழுக்கலுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் பயோஃபிலிம், உயிர்ப்படலம். பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. குளோரின் வந்தால் மேல்தட்டுப் பசையோடு வினைபுரிந்தே பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. அடியில் இருப்பவற்றில் பல தப்பிவிடும். சில உறங்குவதுபோல் கிடந்து, ஆபத்து நீங்கியதும் பெருகும். பவுடரை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகச் சாகலாம். ஆனால் செத்ததும் பசையும் சுவரிலேயே இருக்கும், அடுத்து வருபவற்றுக்குப் பாய் விரித்ததுபோல.

இது புதுச் சங்கதியும் இல்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், நகராட்சி மன்றத்திலும் ஊழியம் பார்த்தவர், கிட்டத்தட்ட நம் ஜாதி! 1683இல் தன் பல் அழுக்கை உருப்பெருக்கியில் பார்த்தார். வினிகரால் வாய் கொப்பளித்தும், அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, உள்ளே வினிகர் போகவில்லை என்று கண்டு எழுதிவைத்தார்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் தரை கழுவும் ஆயா ஒருவர் இருந்தார். பாரீஸை அடுத்திருந்த ஜவெல் என்ற ஊரின் பெயரால் 'ஓ தெ ஜவெல்' என்று நாங்கள் சொல்லும் குளோரின் திரவத்தை அவர் எடுத்த எடுப்பில் ஊற்றியதே இல்லை. முதலில் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பார். பிறகு நன்றாக அலசுவார். கடைசியில்தான் ஜவெல். எழுத்தறியாத அந்த அம்மாளின் வரிசைதான் சரி.

தேய்க்காமல் ஊற்றும் மருந்து, சுத்தத்துக்கு அல்ல, நம் மனசாட்சிக்குப் போடும் மருந்து என்பதே என் அபிப்பிராயம். இன்னொன்று: வேகம் போதவில்லை என்று பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, ஆளையே கொன்றுவிடும்.

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "வாசனை வருதே சார், அப்புறம் என்ன?" என்றார் ஒருவர். நான் வாதாடவில்லை. பதிவேட்டை வாங்கி, ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன். தலைப்பு: "தேய்த்தவர் பெயர்".

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதில் முதல் பெயர் ஏறியது.