மாக்கெத் இருக்கிறது, வீடு எங்கே?

"இடித்தால் என்ன மாமா, வீட்டை முழுசா மாடல் எடுத்து வைச்சிருக்கோமே" என்றான் என் தங்கை மகன். சிவில் என்ஜினீயர். இடிக்கப்போவது அவன் அப்பாவின் பூர்வீக வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உள்ள தமிழர் பகுதி வீடு.

அவன் சொல்லும் மாடல் பி.ஐ.எம். வகை மென்பொருளில் செய்வது. ரெவிட், ஆர்க்கிகாட் என்று பெயர்கள் சொன்னான். வெறும் கோடுகள் இல்லை. சுவர், கதவு, உத்திரம் ஒவ்வொன்றும் தன் விவரத்தோடு உள்ளே இருக்கும். ஒரு ஜன்னலை அகலமாக்கினால் பிளான், எலிவேஷன், அளவுப் பட்டியல் மூன்றும் தானாக மாறும். குழாய் உத்திரத்தில் முட்டுவதைக் கட்டும் முன்பே காட்டிக்கொடுக்கும். எஸ்டிமேட் ஃபைல்களோடு முப்பது வருடம் மாரடித்தவன் நான். வரைபடத்தைத் திருத்திவிட்டுப் பட்டியலைத் திருத்த மறந்து, ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுதியே விரல் தேய்ந்தது. புது ஆஸ்பத்திரிக்கு இது வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

பழைய வீட்டை இடிக்க இதைச் சாக்காகச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். மாடலைக் காட்டி அனுமதி கேட்டால், அந்த விண்ணப்பத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

பிரெஞ்சில் இதற்கு 'மாக்கெத் நுமெரிக்' என்று பேர். என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும், மாக்கெத் என்றால் சின்ன மாதிரி உரு. அவர்களே மாதிரி என்றுதான் சொல்கிறார்கள். நமக்குத்தான் அது அசலாகிவிட்டது.

"நோத்ர்தாமைப் பாருங்க" என்றான். பார்த்தேனே! ஆண்ட்ரூ டாலன் 2010-இல் லேசரால் அளந்து வைத்தது, 2019 ஏப்ரல் 15 தீக்குப் பிறகு உதவியது வாஸ்தவம். ஆனால் சுவர்கள் நின்றிருந்தன. ஓக் மரத்தைக் கோடாரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் இருந்தார்கள். அதனால் 2024 டிசம்பரில் திறக்க முடிந்தது. இங்கே தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் மெட்ராஸ் டெரஸ் போடும் கொத்தனார் எத்தனை பேர் மிச்சம்? எனக்குத் தெரிந்த இருவருக்கும் என் வயசு.

நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் விழுந்ததே, வரைபடம் இல்லாமலா விழுந்தது? பழுதோடு வருடக்கணக்கில் நின்று விழுந்தது. 2021-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கடற்கரைச் சாலைக்கு அதுவாவது கிடைத்தது. தெருவுக்குள் இருக்கும் சாதாரண வீட்டை யார் திரும்பக் கட்டித் தருவார்கள்?

லேப்டாப்பில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். சுவரெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அந்த வீட்டில் நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது. கொல்லைப்புறம் போகச் சொன்னேன். கிணற்றைக் காணோம்.

"அது எதுக்குன்னு விட்டுட்டோம் மாமா."

என் தங்கை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் இறைத்த கிணறு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.