பேனல் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்



இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் (பெயர் போட்டால் கூச்சப்படுவான்) ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். பழுதான எனர்ஜி மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறான். அதிலிருந்து பி.எல்.சி.க்குக் கரண்ட் கணக்கு வரவில்லை. வயரை மாற்றிப் போட்டுவிட்டான் என்று மூன்று நாள் திட்டு. மீட்டர் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றுகூடச் சொல்லிவிட்டார்களாம்.

வயரில் ஒரு குறையும் இல்லை. பக்கத்துப் பேனலில் அதே பழைய மாடல் மீட்டர் ஒன்று இருந்திருக்கிறது. அதன் மெனுவைத் திறந்து இதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அதில் ஈவன் பேரிட்டி, இதில் நோ பேரிட்டி. மாற்றி வைத்ததும் கணக்கு வந்துவிட்டது.

டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்பீர்கள். அவன்தான் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். மோட்பஸ் என்று ஒரு முறை. 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது, இன்னும் ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பைட்டும் 11 பிட்டாகப் போகும்: தொடக்கத்துக்கு 1, தகவலுக்கு 8, சரிபார்க்க 1, முடிவுக்கு 1. தகவலில் உள்ள ஒன்றுகளை எண்ணி, ஒற்றைப்படை வந்தால் சரிபார்க்கும் பிட்டையும் 1 ஆக்கி இரட்டைப்படை ஆக்கிவிடுவார்கள். சுற்றுலாவில் உங்களை ஜோடி ஜோடியாகக் கைகோக்க வைத்து பஸ் ஏற்றுவேனே, அதுதான். ஒருவன் காணாமல் போனால் ஒரு கை சும்மா நிற்கும், தெரிந்துவிடும். ஜோடியாகவே ஐஸ்காரரிடம் ஓடிவிட்டால்? "அதுக்குத்தான் டீச்சர், பாக்கெட் கடைசியில சி.ஆர்.சி.ன்னு 16 பிட் தனியா வருது" என்றான். என்னை மடக்கியதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

பேரிட்டி இல்லையென்றால் ஸ்டாப் பிட் இரண்டு வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒன்றோடு வரும் மீட்டர்களும் நிறைய. வேகம் 9600-ஆ 19200-ஆ, மீட்டரின் முகவரி எண் என்ன, இதில் எது பொருந்தாவிட்டாலும் திரையில் 'டைம்அவுட்' என்றுதான் வரும். வயர் அறுந்தாலும் அதே 'டைம்அவுட்'. அப்புறம் வயரைத் தொட்டவன் மேல்தானே பழி விழும்?

தப்பு அவனுடையது இல்லை, பேனல் அமைத்துக் கொடுத்தவர்களுடையது என்பதுதான் என் கருத்து. வேகம், பேரிட்டி, ஸ்டாப் பிட், முகவரி. நாலே நாலு விவரம். ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்ட ஐந்து நிமிஷம் ஆகுமா? கண்டவன் கைவைப்பான் என்று சாக்கு சொல்கிறார்களாம். எழுதி வைக்காததால் மட்டும் யாரும் கைவைக்காமல் இருந்தார்களா? ஒவ்வொரு தடவையும் தங்களையே கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் திட்டியவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லையாம். இவனோ அன்றைக்கே தன் கையெழுத்தில் எழுதி, பதினோரு பேனலிலும் ஒட்டிவிட்டு வந்திருக்கிறான். போட்டோ காட்டினான். கையெழுத்து அன்று போலவே கோழிக் கிறுக்கல்தான், ஆனால் எண்கள் தெளிவு.

மில்லிலும் ஆலையிலும் இருக்கும் பிள்ளைகளே, நாளைக்கு டூட்டிக்குப் போனதும் உங்கள் பேனல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தாள் இருக்கிறதா இல்லையா என்று இங்கே எழுதுங்கள்.